கன்னுக்குட்டியக் கண்டா மடி இளகுறது எப்படி? மூளைக்குள்ள ஹார்மோன் நியூரானுக்கு வாற வயருங்க

எங்க பாட்டா வீடு பூதப்பாண்டி பக்கம். தொழுவுல எப்பவும் ரெண்டு பசு நிக்கும். நான் நாலாங்கிளாஸ் படிக்கும்போ அதுல ஒண்ணு ஈன்ற கன்னு பத்து நாளு தாண்டாம செத்துப்போச்சு, அதுலயிருந்து அந்தப் பசு பாலை அடக்கிக்கிட்டு, மடி கனத்துத் தொங்குது, காம்பத் தொட்டா கால உதறுது, எவ்வளவு நேரம் இழுத்தாலும் ஒரு உழக்கு தேறல. பாட்டா என்ன செஞ்சாருன்னா செத்த கன்னோட தோல உரிக்க வச்சு, காயப்போட்டு, உள்ள வைக்கோல் திணிச்சுத் தச்சு, கால் இருந்த எடத்துல நாலு கம்பு சொருகி, அந்தத் தோல்கன்ன பசுவுக்கு முன்னால கொண்டு நிறுத்துனாரு. பசு மொதல்ல மோந்து பாத்துச்சு, பொறவு நக்க ஆரம்பிச்சுது. அம்மை காம்பத் தடவிக்கிட்டே குத்தவச்சிருந்தா. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், மடி இளகி பால் பாத்திரத்துல சர்ரு சர்ருன்னு விழுது. "சுரப்பு விட்டுட்டா பிள்ள, நிறுத்தாம கற"ன்னு பாட்டா சொன்ன சத்தம் இப்பவும் காதுல நிக்குது.

பசு வளத்த குடும்பங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா கொஞ்சம் நின்னு யோசிச்சா இதுல ஒரு பெரிய கேள்வி கெடக்கு. பாக்குற கண்ணு, மோக்குற மூக்கு, நக்குற நாக்கு எல்லாம் தலையில. பால் நிக்கிறது மடியில. நடுவுல ஓடுறது என்ன? காலேஜ்ல விலங்கியல் படிச்சப்போ புஸ்தகத்துல இதுக்கு ஒத்த வரிதான், ஆக்சிடோசின்னு ஒரு ஹார்மோன் பால வெளியேத்துதுன்னு. அது சரிதான், ஆனா அந்த ஹார்மோன எப்போ விடணும்னு தீர்மானிக்கிறது யாரு, அவங்களுக்கு சேதி கொண்டுவாறது யாருன்னு அதுல இல்ல. ஹார்மோன் பத்தி நாம பேசுறது முழுக்க அது என்ன செய்யும்ங்கிறதுலயே நின்னுபோகுது, அதுக்கு உத்தரவு எங்கருந்து வருதுன்னு கேக்குறதே இல்ல. எனக்கு என்னவோ பாதிக்கு மேல கதை அந்த உத்தரவுலதான் இருக்குன்னு தோணுது, இத எழுதுறதும் அதுக்காகத்தான்.

மொதல்ல மடியில இருந்தே வருவோம். 1941ல அமெரிக்காவுல ஈலி, பீட்டர்சன்னு ரெண்டு பேரு ஒரு சோதனை செஞ்சாங்க. மடியோட ஒரு பாதிக்குப் போற நரம்ப வெட்டிட்டாங்க, மத்த பாதிய அப்படியே விட்டுட்டாங்க. பொறவு கறக்கப் போனா ரெண்டு பாதியிலயும் பால் ஒரே மாதிரி இறங்குது. அப்போ மடிக்கு உத்தரவு வாறது நரம்பு வழியா இல்ல, ரத்தம் வழியா. அதே ஆளுங்க பசு முதுகுல ஒரு பூனைய ஏத்தி வச்சு, பக்கத்துல காயிதப் பைய ஊதி ஊதி உடைச்சுப் பயங்காட்டியும் பாத்தாங்க, பால் இறங்கல. பயங்காட்டாம, பயத்துல உடம்புல ஊறுற அட்ரினலின்ங்கிற ஹார்மோன ஊசியா போட்டாலும் இறங்கல. கறக்குற நேரம் தொழுவுல சத்தம் போட்டா பாட்டா ஏன் அப்படி வைவாருன்னு இதப் படிச்சப்போதான் எனக்குப் புரிஞ்சுது.

ரத்தத்துல வாற அந்த ஆக்சிடோசின் ஒம்பதே அமினோ அமிலம் கோத்த சின்ன மணிமாலை. 1953ல வின்சென்ட் டு விக்னோ அத ஆய்வுக்கூடத்துலயே கோத்துக் காட்டுனாரு, ரெண்டு வருஷம் கழிச்சு வேதியியல் நோபல் அவருக்கு. இது ரத்தத்துல கலக்குற எடம் மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல தொங்குற பிட்யூட்டரியோட பின்பாகம். ஆனா கலக்குற எடம் வேற, செய்யுற எடம் வேற. செய்யுறது அதுக்கு மேல, ஹைப்போதலாமஸ்ங்கிற மூளைப் பகுதியில இருக்குற நியூரான், அதாவது நரம்பு செல்.

இத நம்ப வைக்க ஒரு மனுஷன் பட்ட பாடு கொஞ்சமில்ல. எர்ன்ஸ்ட் ஷாரர்னு ஜெர்மனிக்காரரு 1928ல ஒரு சின்ன ஆத்துமீனோட மூளைய மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டு, இந்த நியூரான் ஒவ்வொண்ணும் சுரப்பி செல் மாதிரி உருண்டை உருண்டையா ஏதோ சேத்து வச்சிருக்குன்னு எழுதுனாரு. யாரும் ஏத்துக்கல. நரம்புன்னா சேதி கடத்தணும், சுரப்பின்னா சுரக்கணும், ரெண்டும் ஒரே செல்லா எப்படி இருக்கும்னு கேட்டாங்க. அவரு மனைவி பெர்ட்டா ஷாரர் பூச்சிங்க மூளையில அதே மாதிரி செல்லத் தேடித்தேடி எடுத்துக் காட்டுனாங்க. கடைசியில 1949ல வொல்ஃப்காங் பார்க்மான், கணையத்து செல்லுக்குப் பூசுற ஒரு சாயத்த எடுத்து மூளையில பூசிப் பாத்தாரு, ஹைப்போதலாமஸ்ல இருந்து பிட்யூட்டரி வரைக்கும் ஒரு வழி முழுக்க நீலமா தெரிஞ்சுது, ஓடையில சாயத்தக் கலக்குனா போற பாதை தெரியுற மாதிரி. அதோட வாதம் ஓஞ்சுது.

அந்த நியூரானுங்க ரெண்டு எடத்துல கூட்டமா இருக்கு. கண் நரம்பு ரெண்டும் குறுக்க போற எடத்துக்கு மேல இருக்குறது சுப்ராஆப்டிக் கூட்டம், மூணாவது மூளை அறையோட சுவர ஒட்டி இருக்குறது பாராவென்ட்ரிகுலர் கூட்டம். பெரிய உடம்புள்ள செல்லுங்க. ஒவ்வொண்ணும் ஒரு நீள வால பிட்யூட்டரியோட பின்பாகம் வரைக்கும் இறக்கி, அங்க ரத்தத் தந்துகிய ஒட்டி முடிச்சு வச்சிருக்கு. மேல செல்லுல மின்துடிப்பு கிளம்பி வால் நுனிக்கு வந்தா, அங்க பொட்டலம் பொட்டலமா இருக்குற ஹார்மோன் உடைஞ்சு ரத்தத்துல கொட்டும்.

இங்கதான் என்னோட கேள்வி வருது. மத்த சுரப்பிங்க மாதிரி இது இல்ல. கணையத்துல இன்சுலின் விடுற செல்ல எடுத்துக்கிட்டா, ரத்தத்துல சர்க்கரை ஏறுனா அதுவே தெரிஞ்சுக்கிடும், தானே விடும், நரம்பு கொஞ்சம் தாளம் போடும், அவ்வளவுதான். ஆனா ஆக்சிடோசின் நியூரான் ஒரு முழு நியூரான். அது மேல ஆயிரக்கணக்குல சினாப்ஸ் வந்து ஒட்டியிருக்கு, ஒவ்வொண்ணும் மூளையில வேற வேற எடத்துல இருந்து வாற ஒரு வயரோட நுனி.

பேச்சிப்பாறை டேம நினைச்சுப் பாருங்க. ஷட்டரத் தூக்குனா தண்ணி கோதையாத்துல இறங்கி, திற்பரப்பு அருவியப் பொங்க வச்சு, குழித்துறை தாண்டி தேங்காப்பட்டணத்துல கடல்ல போய் சேரும். ஆறு பொங்குறத எல்லாரும் பாப்போம். ஆனா ஷட்டர் தானா தூக்காது. மலையில எவ்வளவு மழை, டேம்ல எத்தன அடி, கீழ வயலுக்குத் தண்ணி வேணுமா, ஆத்துல ஆளு குளிச்சுக்கிட்டு நிக்கா, எல்லா சேதியும் ஒரு எடத்துக்கு வரணும், அங்க கூட்டிக் கழிச்சுப் பாத்து தூக்கலாமா வேண்டாமான்னு ஒரு முடிவு எடுக்கணும். அந்த முடிவு எடுக்குற ஆளுதான் இந்த நியூரான். அதுக்கு வாற போன் எல்லாம் தூக்கு தூக்குன்னு சொல்லுறதும் இல்ல. குளூட்டமேட்ங்கிற வேதிப்பொருள விடுற வயரு தூக்குன்னு சொல்லும், காபாங்கிற வேதிப்பொருள விடுற வயரு வேண்டாம்னு சொல்லும். 1990ல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல ஹைப்போதலாமஸ்ல சினாப்ஸ எண்ணிப் பாத்தப்போ பாதிக்குப் பக்கம் காபா. அதாவது வாற போன்ல ரெண்டுக்கு ஒண்ணு பொறுன்னு சொல்லுறது. இந்த நியூரானோட இயல்பு அடக்கி வச்சிருக்குறது, யாராவது அந்த அடக்கத்தத் தளத்துனாத்தான் விடும். பசு பாலை அடக்குதுன்னு நாம சொல்லுற சொல்லு மூளைக்குள்ளயும் அப்படியே பொருந்துது, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

பிள்ள பால் குடிக்கிறப்போ போற பாதை இப்படி. காம்புல இருக்குற தொடு நரம்பு முதுகுத்தண்டுக்குப் போகும், அங்கருந்து மேல ஏறி மூளைத்தண்டு, நடுமூளை, பொறவு தலாமஸ்ங்கிற மூளைப் பகுதியோட பின்னோரத்துல இருக்குற ஒரு சின்ன நியூரான் கூட்டம், அதுல இருந்து ஹைப்போதலாமஸ். கேக்க நேர்வழி மாதிரி இருக்கு, ஆனா நடக்குறது அப்படி இல்ல. 1973ல வேக்கர்லி, லிங்கன்னு ரெண்டு பேரு பிரிட்டன்ல தாய் எலியோட மூளையில மெல்லிசு கம்பிய இறக்கி இந்த நியூரானுங்க துடிக்கிறதப் பதிவு பண்ணுனாங்க. குட்டிங்க விடாம சப்பிக்கிட்டே இருக்கு, ஆனா நியூரான் சும்மா மெதுவா, ஒரு செகண்டுக்கு ஒண்ணு ரெண்டு துடிப்புன்னு கெடக்கு. அஞ்சு பத்து நிமிஷம் ஒண்ணும் நடக்காது. திடீர்னு ரெண்டு மூணு செகண்டு மட்டும், செகண்டுக்கு அம்பது துடிப்பு வரைக்கும் வெடிச்சு அடங்குது. பத்து பன்னிரண்டு செகண்டு கழிச்சு, ரத்தத்துல ஹார்மோன் போய் சேந்த பொறவு, பால் இறங்குது, குட்டிங்க எல்லாம் ஒரே நேரத்துல உடம்ப நீட்டி விறைச்சுக் குடிக்குது. பொறவு திரும்ப அமைதி.

அதுல இன்னொரு அதிசயம், மூளையோட ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கூட்டம்னு தனித்தனியா கெடக்குற ஆயிரக்கணக்கான நியூரான் எல்லாம் ஒரே கணத்துல வெடிக்குது. கடற்கரையில கரைமடி வலைய இழுக்குறப்போ ஏலேலோ சொல்லி எல்லாரும் ஒரே மூச்சுல இழுப்பாங்க பாத்திருப்பீங்க, அந்த மாதிரி. தாளம் யாரு போடுறது? ஒரு பங்கு அந்த நியூரானுங்களே போட்டுக்கிடுது. ஆக்சிடோசின் வால் நுனியில மட்டும் வெளிய வாறது இல்ல, செல்லோட கிளைங்கள்ல இருந்தும் பக்கத்துலயே கசியும், கசிஞ்சு தன்னையும் பக்கத்து செல்லையும் உசுப்பும். அப்போ காம்புல இருந்து வாற வயரு ஒத்தையா ஷட்டரத் தூக்குறது இல்ல, கூட்டத்த ஒரு பதத்துக்குக் கொண்டு வருது, பதம் வந்தவுடனே கூட்டமே சேந்து தூக்குது.

சரி, தோல்கன்னு காம்ப சப்பலியே, வெறும் காட்சியும் மணமும்தானே? அங்கதான் வேற வயருங்க வருது. மனுஷ அம்மைமாருக்கும் பிள்ள வாய வைக்கும் முன்னாலயே, பிள்ள அழுற சத்தம் கேட்டவுடனே ஜாக்கெட் நனையுறது நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு எல்லாம் தெரியும். 1983ல பால் குடுக்குற அம்மைமாரோட ரத்தத்த அப்பப்போ எடுத்து அளந்து பாத்தாங்க, பிள்ள அழுறப்போ, சிணுங்குறப்போ ஆக்சிடோசின் ஏறிருச்சு. புரோலாக்டின்னு இன்னொரு ஹார்மோன் அப்போ ஏறல, பிள்ள சப்ப ஆரம்பிச்ச பொறவுதான் ஏறுச்சு. இந்த வித்தியாசம் முக்கியம், கொஞ்சம் நில்லுங்க. பாலை உண்டாக்குறது புரோலாக்டின், உண்டான பாலை இறக்குறது ஆக்சிடோசின். தமிழ்ல பால் சுரக்குது, பால் இறங்குதுன்னு ரெண்டு சொல்லு நமக்கு இருக்கு, ரெண்டும் ரெண்டு வேலை, ரெண்டுக்கும் வேற வேற வயரு. புரோலாக்டினப் பிடிச்சு வச்சிருக்குறது டோபமின்ங்கிற வேதிப்பொருள விடுற நியூரானுங்க, பிள்ள சப்புனா அதுங்க கை தளரும், அப்பத்தான் அது வெளிய வரும்.

அழுகைச் சத்தம் எந்த வழியா போகுதுங்கிறது 2023ல சுண்டெலியில வெளிச்சத்துக்கு வந்துச்சு, நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு. குட்டி கூட்ட விட்டு வெளிய கெடந்தா நம்ம காதுக்கு எட்டாத கீச்சுக்குரல்ல கத்தும். அந்தச் சத்தம் காது வழியா போய், நான் முன்ன சொன்னேனே தலாமஸோட பின்னோரத்துச் சின்னக் கூட்டம், அதே எடத்துல வந்து சேருது, அங்கருந்து ஆக்சிடோசின் நியூரானுக்குப் போகுது. அதுவும் ஒரு கத்தலுக்கு ஒண்ணும் ஆகாது, திரும்பத் திரும்பக் கத்தணும், அப்போதான் அந்த நியூரான அமுக்கிக்கிட்டு இருக்குற காபா பிடி தளருது. தொடுறதும் கேக்குறதும் ஒரே வாசல்ல வந்து நிக்குது. பசுவுக்குக் கன்னோட மணமும் உருவமும் எந்த எந்த வளைவு சுத்தி இந்த வாசலுக்கு வருதோ, ஆனா வருது, எங்க தொழுவுல நான் கண்ணாலயே பாத்தேன்.

இத நான் சும்மா படிச்சு வைக்கல. எங்க மைனிக்கு மொதப் பிள்ள பிறந்து மூணு வாரம், நெஞ்சு கல்லு மாதிரி கட்டி வலிக்குது, பிள்ள வாய வச்சா ரெண்டு நிமிஷத்துல வீர்னு அழுது. செக்கப்புக்குப் போன எடத்துல "உனக்குப் பால் பத்தல, பவுடர் வாங்கு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. வீட்டுலயோ பூண்டும் பால்சுறாப் புட்டும் உளுந்தங்களியுமா குடுத்துத் தள்ளுறாங்க, எல்லாம் சுரக்குறதுக்கு. பிள்ள பாக்க வாறவங்க எல்லாம் கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, குடிக்குதா குடிக்குதான்னு எட்டி எட்டிப் பாக்குறாங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு, எல்லாரும் தூங்குன பொறவு, தொட்டில்ல பிள்ள லேசா முனகுனாலே மைனிக்கு சேலை நனைஞ்சு போகுது. பால் பத்தாத ஆளுக்கு சேலை நனையுமா? பால் இருக்கு, இறங்க விடல, அவ்வளவுதான். அம்மை கிட்ட நான் பசு கதையச் சொன்னேன், அம்மை அரை நிமிஷம் என்னப் பாத்துட்டு எழும்பிப் போய் வாறவங்கள எல்லாம் திண்ணையிலயே இருத்துனா, அறைக்கதவச் சாத்துனா, பிள்ளைய சட்டை போடாம மைனி நெஞ்சோட ஒட்டிப் போட்டா. ரெண்டு மூணு நாளுல பகல்லயும் பிள்ள வயிறு நிறையக் குடிக்க ஆரம்பிச்சுது.

பயமோ வெட்கமோ பாலை நிறுத்துறது மனசு பலவீனம் கெடயாது, இதுக்கும் வயரு இருக்கு. ரெண்டு எடத்துல அடைக்கும். கீழ, அட்ரினலின் ரத்தக் குழாயச் சுருக்கி ஹார்மோன் மார்புக்கு வந்து சேராம செய்யும். மேல, மூளைக்குள்ளயே ஊறுற அபின் மாதிரியான பொருளுங்க ஆக்சிடோசின் நியூரானோட வால அமுக்கும். 1948லயே ஒரு அம்மைய வச்சு இதச் சோதிச்சிருக்காங்க, பால் குடுக்குற நேரம் கால ஐஸ் தண்ணியில வைக்கச் சொல்லி, மனக்கணக்கு போடச் சொல்லி, பிள்ள எவ்வளவு குடிச்சுதுன்னு நிறுத்துப் பாத்தா குறைஞ்சிருக்கு, அதே தொந்தரவோட ஹார்மோன் ஊசி போட்டா திரும்ப ஏறியிருக்கு. அதனால பால் குடுக்குற பொண்ணு கிட்ட "அழாத, அழுதா பால் வத்திரும்"னு அதட்டுறவங்கள பாத்தா எனக்குக் கோவம் வருது. அந்த அதட்டலே ஒரு பூனை, ஒரு காயிதப் பை.

இதே கூட்டத்துல, பக்கத்து பக்கத்து செல்லா, இன்னொரு ஹார்மோன் செய்யுற நியூரானும் இருக்கு, வாசோபிரஸின். இதுவும் ஒம்பது மணி, ஆக்சிடோசினுக்கும் இதுக்கும் ரெண்டே மணிதான் வித்தியாசம். வேலை முழுக்க வேற, சிறுநீரகத்துல தண்ணியத் திரும்ப ரத்தத்துக்கு இழுக்க வைக்கும். என்கூடப் படிச்ச ஒருத்தன் தூத்தூர்க்காரன், அவங்க ஆளுங்க ஆழ்கடலுக்குப் போனா வாரக்கணக்குல கடல்லதான். வெயில்ல நாள் முழுக்க வல இழுத்தா மூத்திரம் கட்டன்சாயா கலர்ல போகும்னு சொல்லுவான். பனையேறிங்களும் அக்கானி இறக்கி முடிக்கும்போ அப்படித்தான். உடம்பு ஒவ்வொரு சொட்டையும் பிடிச்சு வைக்குது, பிடிக்கச் சொல்லுறது இந்த ஹார்மோன். இது சுத்தமா இல்லாமப் போனவங்க ஒரு நாளைக்கு பத்து லிட்டருக்கு மேலயும் மூத்திரம் போவாங்க, அத ஈடுகட்ட குடிச்சுக்கிட்டே இருக்கணும்.

இந்த நியூரானுக்கு சேதி எப்படி வருதுங்கிறது இன்னும் ருசியான கதை. 1947ல வெர்னின்னு கேம்பிரிட்ஜ்ல ஒருத்தரு, பழக்கி வச்ச நாய்ங்களோட கழுத்து ரத்தக்குழாயில, மூளைக்குப் போற ரத்தத்துல, கொஞ்சமே கொஞ்சம் உப்புத்தண்ணிய ஏத்துனாரு. மூத்திரம் குறைஞ்சுது. அப்போ மூளைக்குள்ள எங்கயோ உப்பு அளக்குற ஆளு இருக்குன்னு தெரிஞ்சுது. பொறவு எடமும் தெரிஞ்சுது. மூணாவது மூளை அறையோட முன்சுவருல ரெண்டு மூணு சின்னப் பகுதி, அதுல ஒண்ணுக்கு சப்ஃபார்னிக்கல் ஆர்கன்னு பேரு. மூளையில மத்த எடத்துல ரத்தத்துக்கும் செல்லுக்கும் நடுவுல கட்டியான வேலி உண்டு, இந்த எடத்துல வேலி கெடயாது. கடலோரத்துல நிக்கிறவனுக்கு உப்புக்காத்து மொதல்ல தெரியுற மாதிரி ரத்தத்துல உப்பு ஏறுனது இங்க மொதல்ல தெரியும். ரத்தம் உப்பா ஆனா செல்லுல இருந்து தண்ணி வெளியேறி செல் சுருங்கும், சுருங்குனா அதோட தோலுல இருக்குற வாசல் திறந்து அது துடிக்க ஆரம்பிக்கும், துடிப்பு வயரு வழியா வாசோபிரஸின் நியூரானுக்குப் போகும். வாசோபிரஸின் நியூரானுக்கும் இதே மாதிரி தானா சுருங்கி உணருற குணம் கொஞ்சம் உண்டு, ஆனா வயரு இல்லாம அது ஒழுங்கா வேலை செய்யாது. ரத்தத்தோட செறிவு நூத்துல ஒரு பங்கு ரெண்டு பங்கு ஏறுனாலே போதும், ஹார்மோன் ஏற ஆரம்பிச்சுரும்.

இது போக இன்னொரு லைன் கீழ இருந்து வருது. நெஞ்சுலயும் கழுத்துலயும் ரத்த அழுத்தம் பாக்குற நரம்பு நுனிங்க மூளைத்தண்டுக்கு சேதி குடுக்கும், அழுத்தம் நல்லா இருக்குற வரைக்கும் அந்த சேதி ஒரு அமுக்கு மாதிரி. ரத்தம் நிறையப் போயிட்டா, ஒரு பத்து சதவீதம் குறைஞ்சா, அமுக்கு விலகி, மூளைத்தண்டுல இருந்து நார்அட்ரினலின்ங்கிற வேதிப்பொருள விடுற வயருங்க வாசோபிரஸின் நியூரான வேகமா உசுப்பும், அப்போ ஹார்மோன் சும்மா ஏறாது, பாஞ்சு ஏறும், ரத்தக் குழாயையும் சேத்து இறுக்கும். உப்பு ஒரு போன், அழுத்தம் ஒரு போன், ரெண்டும் வேற வேற ஊருல இருந்து, கேக்குற ஆளு ஒண்ணு.

தாகத்துல ஒரு சின்ன விஷயம் எனக்கு எப்பவும் ஆச்சரியம். நல்ல வெயில்ல வந்து ஒரு செம்பு தண்ணி குடிச்சா உடனே நிம்மதி ஆகுதே, அந்தத் தண்ணி குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போய் உப்பக் குறைக்க பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும். ஆனா வாசோபிரஸின் அதுக்கு முன்னாலயே விழுந்துருது. நாயிலயும் மனுஷன்லயும் அளந்து பாத்தது. சுண்டெலியில இன்னும் ஒரு படி மேல, தண்ணி வரப்போகுதுன்னு அடையாளம் பாத்தவுடனேயே அந்த நியூரானுங்க அடங்க ஆரம்பிக்குது. வாய், தொண்டை, கண்ணு எல்லாத்துல இருந்தும் "வருது, வருது"ன்னு முன்கூட்டியே போன் போகுது. வயரு இல்லாத வெறும் சுரப்பியா இருந்தா இது நடக்கவே நடக்காது, ரத்தம் மாறுற வரைக்கும் அது காத்துக்கிட்டுத்தான் இருக்கணும்.

மூளையில நேரம் காட்டுற கடிகாரக் கூட்டத்துல இருந்தும் ஒரு வயரு உண்டு. அது உப்பு சேதிய கொஞ்சம் தணிச்சு வைக்கும், தூக்கத்தோட கடைசிப் பகுதியில அந்தத் தணிப்ப விட்டுரும், அதனால விடியக்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம கெடந்தாலும் உடம்பு காயாம இருக்கும். சாராயம் இந்த ஹார்மோன அமுக்கும், குடிச்சவன் அடிக்கடி ஒதுங்குறதும் மறுநாள் நாக்கு வறண்டு எழும்புறதும் அதனாலதான்.

இந்த வயருங்கள எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா, சமீபத்துல வந்த வழிதான் எனக்குப் பிரமிப்பு. வெறிநாய்க்கடி வைரஸ்னா நம்ம ஊருல பயப்படாத ஆளு இல்ல. அந்த வைரஸ் கடிச்ச எடத்துல இருந்து நரம்புல ஏறி, ஒரு நியூரான்ல இருந்து அதுக்கு சேதி அனுப்புற முந்தின நியூரானுக்கு, அதுல இருந்து அதுக்கும் முந்தினதுக்குன்னு சினாப்ஸுக்கு எதிர்த்திசையில தாவித்தாவி மூளைக்குப் போகும். அதுதான் அதோட கொடூரம். 2007ல அதோட ஜீன் ஒண்ண எடுத்துட்டு, ஒரே ஒரு தாவலுக்கு மேல போக முடியாம முடமாக்கி, பச்சையா ஒளிர்ற நிறத்தையும் சேத்து விட்டாங்க. ஆய்வு எலியோட ஆக்சிடோசின் நியூரானுக்குள்ள மட்டும் இத விட்டா, அது ஒரு எட்டு பின்னால போய் நிக்கும், போன எடம் எல்லாம் ஒளிரும். நேரா போன் பண்ணுற ஆளுங்களோட முகவரி ஒரே படத்துல. ஆளக் கொல்லுற அதே குணத்த வச்சு வழி வரையுறாங்க.

இன்னொரு ஹார்மோன் நியூரான விட்டுட்டுப் போக மனசு வரல. பருவம் வாறதுக்கு, மாசம் சரியா வாறதுக்கு எல்லாம் மூளையில ஜிஎன்ஆர்ஹெச்னு ஒரு ஹார்மோன் துடிப்பு துடிப்பா விடணும். அத விடுற நியூரான் சுண்டெலிக்கு மொத்தமே ஏறக்குறைய 800, அதுவும் கூட்டமா இல்லாம அங்கங்க சிதறி. இதுங்க பிறக்குறது மூளையில இல்ல, மூக்குல. கருவுல மூக்கு உருவாகுற எடத்துல பிறந்து, மோப்ப நரம்பப் பிடிச்சு நடந்து மூளைக்குள்ள போகும், 1989ல கண்டுபிடிச்சது. நடை பாதியில நின்னுபோன ஆளுங்களுக்கு வாசனையும் தெரியாது, பருவமும் தானா வராது, கால்மேன் சிண்ட்ரோம்னு பேரு. வளந்த பையனுக்குக் குரல் மாறலன்னு டாக்டர் கிட்ட போறப்போ, மல்லிப்பூ வாசனை தெரியுதான்னு கேக்குறது வெட்டிக் கேள்வி இல்ல, தோவாளைப் பூச்சந்தைக்குள்ள நடந்தாலும் அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

இந்த 800 பேருக்கும் நேரா போன் பண்ணுற முக்கிய ஆளு கிஸ்பெப்டின் விடுற நியூரான். 2003ல பருவமே வராத குடும்பங்கள ஆராய்ஞ்சப்போ அந்த போன் எடுக்குற கருவியில கோளாறுன்னு தெரிஞ்சுது. உடம்புல கொழுப்பு எவ்வளவு இருக்குன்னு சொல்லுற லெப்டின்ங்கிற ஹார்மோன் ஜிஎன்ஆர்ஹெச் நியூரானுக்கு நேரா போகாது, நடுவுல வேற நியூரானுங்க கேட்டுச் சொல்லணும். பட்டினி கெடந்தா மாசம் நின்னுபோறது இந்த வழியில. பிள்ள நல்லா பால் குடிக்கிற வரைக்கும் அம்மைக்கு தீட்டு தள்ளிப்போகும்னு நம்ம ஆச்சிமாரு சொல்லுறதும் இதே வழியிலதான், காம்புல கிளம்புன அதே சேதி ஒரு பக்கம் ஆக்சிடோசின உசுப்பிக்கிட்டே இன்னொரு பக்கம் ஜிஎன்ஆர்ஹெச் துடிப்ப அமுக்குது. அது எப்பவும் நம்பிக்கையான கருத்தடைன்னு எடுத்துக்கிடாதீங்க, குடி குறையக் குறைய அந்த அமுக்கும் குறையும்.

கடைசியா, இந்த வயருங்க ஒரு தடவ போட்டா போட்டபடி கெடக்குறது இல்ல. சாதாரண காலத்துல ஆக்சிடோசின் நியூரானுங்களுக்கு நடுவுல, அதுங்களுக்குத் துணையா இருக்குற கிளையான்னு (glia) ஒரு வகை செல்லோட மெல்லிசு தகடுங்க திரை மாதிரி நிக்கும். பேறுகாலம் நெருங்குறப்போ, பால் குடுக்குறப்போ, அந்தத் திரை விலகிருது. நியூரானுங்க உடம்போட உடம்பு ஒட்டிக்கிடுது, புது சினாப்ஸ் வந்து சேருது, ஒரே வயரு நுனி ரெண்டு நியூரானத் தொட ஆரம்பிக்குது. எல்லாரும் ஒரே மூச்சுல இழுக்குறதுக்கு வசதியா. எலிய ரொம்ப நேரம் தண்ணி இல்லாம வச்சாலும் இதே மாதிரி திரை விலகுது. குட்டிங்க பால் மறந்த பொறவு, தண்ணி கிடைச்ச பொறவு, தகடுங்க திரும்ப வந்து நடுவுல நின்னுக்கிடும், புதுசா வந்த சினாப்ஸுங்க கழண்டு போகும். அடுத்த ஈத்துக்குத் திரும்ப விலகும். வளந்து முடிஞ்ச மூளையில இப்படி வயரு மாறும்னு 1970கள்லயும் 80கள்லயும் பாத்தவங்களுக்கே மொதல்ல நம்ப முடியல.

எங்க பசு அதுக்குப் பொறவு ரெண்டு ஈத்து ஈன்றுச்சு, ரெண்டு கன்னும் பிழைச்சுது. தோல்கன்னு தொழுவு மூலையில சாஞ்சு கெடந்து, கறையான் அரிச்சு, ஒரு மழைக்காலத்துல வைக்கோலோட வைக்கோலா போச்சு.